பனிச்சைத் தரவையில் மாடு எண்ணிய நாள்

நாவலடிச்சேனையில் ஒரு மனிதனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயதைக் கேட்கலாம். யாரிடம் அடி வாங்கினான் என்று கேட்கலாம். பெண்சாதி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன கதையைக் கேட்டால்கூட வெற்றிலையைக் குதப்பியபடி சொல்லி முடிப்பான். பட்டியில் எத்தனை மாடு என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவனைக் கொள்ளிக்கண்ணன் என்று ஊரே ஒதுக்கிவிடும். கேட்கப்பட்டவனோ எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கிடக்கு, நாலஞ்சு கிடக்கு" என்பான்.

அவர்கள் தாங்களும் எண்ணுவதில்லை. பொழுது சாயப் பட்டி வாசலில் நின்றால், உள்ளே போகிறவற்றைப் பார்த்தே எது வரவில்லை என்று தெரிந்துவிடும். கொம்பு மடங்கியதைக் காணவில்லை, நெற்றிச்சுட்டியும் கன்றும் பிந்துகின்றன என்பார்களே தவிர, வாயால் ஒன்று இரண்டு சொல்ல மாட்டார்கள். எண்ணினால் பட்டி குறையும் என்பது நம்பிக்கை. சண்டைக் காலத்தில் அது வெறும் நம்பிக்கையாக இருக்கவில்லை. துவக்கோடு வந்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தாலும் முதலில் கேட்டது மாட்டுத் தொகையைத்தான். நிறையச் சொன்னவனின் பட்டியில் நிறையப் போயிற்று. எனவே வழக்கம் நாளடைவில் புத்திசாலித்தனமாகவும் ஆகிவிட்டது.

இந்தப் புத்திசாலித்தனம்தான் கனகசூரியத்தாரின் காலை வாரியது.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஊர்ப் பண்ணையாளர் சங்கத்துக்குத் தலைவர். சண்டை முடிந்து மூன்றாம் வருடம் ஆவணி மாதத்தில், காணிப் பயன்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒரு பெண்பிள்ளை வரப்போவதாகக் கிராம சேவகர் வந்து சொன்னார். மாட்டுத் தொகை பதிகிறார்களாம். கனகசூரியத்தாருக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. வரி போடப் போகிறார்கள், இல்லையென்றால் யாருக்கோ பிடித்துக் கொடுக்கப் போகிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்தொன்பது பட்டிக்காரர் வீடும் ஏறி இறங்கினார். தான் முப்பத்தைந்து என்று சொல்லப்போவதாகவும், அதற்கு மேல் ஒருத்தரும் போகப்படாது என்றும் சொல்லிவைத்தார். ஆகவே அடுத்த நாள் நாவலடிச்சேனையில் தலைவரைவிட வசதியான ஆள் ஒருவரும் இருக்கவில்லை.

வந்தவள் பெயர் அம்னா. ஏறாவூர்ப் பிள்ளை. ஸ்கூட்டரில் கோப்பும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, ஒவ்வொருவர் சொன்னதையும் நல்ல எழுத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பிறகு ஊர் மேய்ச்சல் வெளியான பனிச்சைத் தரவைக்குப் போய்ப் படம் எடுத்தாள். ஆவணியில் தரவையில் என்ன இருக்கும்? சிறுபோக நெல் வெட்டி முடிந்த காலம். ஊர் மாடெல்லாம் வயல்வட்டையில் ஒட்டுப்புல் மேய்ந்துகொண்டிருந்தன. தரவையில் காய்ந்த புல்லும் நாலைந்து கொக்கும்தான் நின்றன. கொக்கைத்தான் அவளால் படம் எடுக்க முடிந்தது. அவள் ஸ்கூட்டர் மறைந்த பிறகு பட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கனகசூரியத்தாரும் சிரித்தார்.

கார்த்திகையில் மழை தொடங்கிய வாரம் கூட்டுறவுக் கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பனிச்சைத் தரவையில் இருநூற்றைம்பது ஏக்கரில் சூரிய மின்சாரத் திட்டம் அமைக்க ஒரு கம்பனி கேட்டிருப்பதாகவும், காணி பெரும்பாலும் பயன்பாட்டில் இல்லை என்று அறியப்படுவதாகவும், ஆட்சேபனை உள்ளவர்கள் பல்தேவைக் கட்டடத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வரலாம் என்றும் அதில் இருந்தது. மழையில் நனைந்து பாதி எழுத்து கரைந்திருந்தது. 'பயன்பாட்டில் இல்லை' என்ற இடம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மாரியில் வட்டை முழுக்கப் பயிர். வடக்கே காடு, அதற்குள் மாடு விட்டால் வழக்கு. மேற்கே ஆமிக்காரர் முகாமின் கம்பிவேலி. கிழக்கே வாவி. தை பிறந்து அறுவடை ஆகும்வரை ஊர் மாட்டுக்குத் தரவையை விட்டால் கால் வைக்க வேறு இடம் கிடையாது. இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எழுதத் தெரிந்தவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் ஓட்டமாவடி உசனார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தன் மாடு இருபத்தைந்தைக் கனகசூரியத்தாரின் பட்டியில் வாரத்துக்கு விட்டிருக்கிறவர். மேய்க்கிறவருக்கு நாலு கன்றுக்கு ஒரு கன்று என்பது வாரம். வெளியாட்களோடு செய்துகொள்கிற பேச்சு அது. இருபது வருடப் பழக்கத்தில் அவர்கள் இருவரும் அதைப் பேசுவதையே விட்டிருந்தார்கள்.

"கனகு, உன்ட முப்பத்தஞ்சு எங்கட தலையிலதான் விழுந்திரிக்கி," என்றார் உசனார், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல்.

"எனக்கு விளங்குது காக்கா," என்றார் கனகசூரியத்தார். உசனாரை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்.

"விளங்கினாப் போதுமா? கூட்டத்தில எழும்பிச் சொல்லணும். உண்மையச் சொல்லணும்."

கனகசூரியத்தார் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மருமகள் உசாந்தி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் மூன்று பேர்தான். சுனாமி அன்று அவருடைய பெண்சாதி சிவமணி கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றவள், போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்துச் சண்டையில் வாகரையை விட்டு ஊரே இடம்பெயர்ந்து நடந்தபோது மகன் சுபாகரன் வழியில் ஷெல் பட்டு விழுந்தான். உசாந்தி ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனாரின் பின்னால் நடந்து அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை சிவானுஜா இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

உசாந்தி விடியற்புறம் எழும்பிவிடுவாள். பட்டியிலிருந்து வரும் பாலை வடித்து, பெரிய தாச்சியில் ஊற்றி, ஆடை பிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி, ஆறவைத்து, உறை குத்தி மண் சட்டிகளில் ஊற்றுவாள். அடுத்த நாள் தயிர்ச் சட்டிகளைத் தாளால் மூடிக் கட்டி, பிரதான வீதியில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வைத்துக்கொண்டு இருப்பாள். திருகோணமலைக்குப் போகிற வான்கள் நிறுத்தி வாங்கும். மழைக் காலத்தில் நாள் முழுக்க இருந்து நாலு சட்டி விற்றுக்கொண்டு நனைந்து வருவாள். முறைப்பாடு சொல்லிப் பழக்கமில்லாதவள். அந்தப் பழக்கம் இல்லாததுதான் கனகசூரியத்தாரைக் கொன்றது.

ஏனென்றால் அவர் ஊருக்குச் சொன்ன பொய்யைவிடப் பெரிய பொய் ஒன்றை வீட்டுக்குள் வைத்திருந்தார்.

ஊர் திரும்பிய பிறகு, காட்டில் சிதறிப்போன மாடுகளை அவர் இரண்டு வருடம் தேடித் தேடிச் சேர்த்தார். சுபாகரனின் மாடுகளுக்குத் தனிச் சூட்டுக்குறி இருந்தது. பரம்பரையாகச் சுடும் குடிக்குறியின் கீழே ஒரு வளையம். கலியாணத்தின்போது அவர் பிரித்துக் கொடுத்த மாடுகளுக்குச் சுட்டது. அந்தக் குறியோடு இருபத்துமூன்று கிடைத்தன. அந்தக் கிழமைதான் உசாந்தி ஒரு கதை சொன்னாள். சுபாகரனின் மாட்டில் ஒரு இருபது தேறினால் கரடியனாற்றில் அண்ணனின் வளவில் ஒரு பட்டி போட்டுக்கொண்டு, தாயையும் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று. ஒன்றுமில்லாமல் போய் அண்ணனுக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்றும் சொன்னாள். எத்தனை கிடைச்சது மாமா என்று கேட்டாள்.

"ஒன்பது" என்றார் கனகசூரியத்தார்.

யோசித்துச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கத் தொகை கேட்ட எல்லோருக்கும் குறைத்துச் சொன்ன வாய், அவளுக்கும் அப்படியே சொல்லிவிட்டது. அப்படித்தான் அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் அடுத்த நாள் திருத்திச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் சொல்லியிருக்கலாம். அவள் போய்விட்டால் பிள்ளையும் போய்விடும். கடலும் ஷெல்லும் விட்டுவைத்தது அந்த இரண்டு பேரைத்தான். தனியாக ஒரு வீட்டில் விளக்கு ஏற்ற அவருக்குப் பயமாக இருந்தது. பட்டி தூரத்தில் இருந்தது. பெண்கள் அங்கே போவதில்லை. பொய் சுகமாக இருந்துகொண்டது.

போன வருடம் உசாந்தியின் தாய் பாயில் விழுந்தாள். இரண்டு மாதம் கிடந்தாள். உசாந்தி மூன்று தரம் பஸ் ஏறிப் போய் வந்தாள். தயிர்க் கொட்டிலை விட்டுவிட்டு அங்கே தங்க வழியில்லை. நாலாம் தரம் அவள் போய்ச் சேர்ந்தபோது தாயைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பட்டியில் சுபாகரனின் குறிமாடும் அதன் கன்றுகளுமாக முப்பத்தைந்துக்கு மேல் நின்றன. செத்த வீட்டில் கனகசூரியத்தார் ஒரு மூலையில் இருந்து அழுதார். சம்பந்தி வீட்டுக்கு எவ்வளவு நல்ல மனம் என்று கரடியனாற்றுச் சனம் பேசிக்கொண்டது.

கூட்டத்துக்குப் பல்தேவைக் கட்டடம் நிறைந்து போயிருந்தது. பிரதேச செயலாளர் நடுவில், கம்பனிக்காரர் இருவர் ஒரு பக்கம், அம்னா கோப்போடு மற்றப் பக்கம். கம்பனிக்காரர்கள் நல்ல மாதிரியான பொடியன்கள். திரையில் படம் காட்டினார்கள். வேலியடைக்க, காவலுக்கு, துடைக்க என்று நாற்பது பேருக்கு வேலை என்றார்கள். கட்டார் போகக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்த இளந்தாரிகள் முன்னுக்கு வந்து நின்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதற்கிடையில் வெளியே மழை கொட்டி, கரண்ட் போய், சூரிய மின்சாரப் படம் திரையிலிருந்து மறைந்தது. ஜெனரேட்டர் போட்டுத் தொடர்ந்தார்கள்.

அம்னா அறிக்கையை வாசித்தாள். பட்டிகள் பத்தொன்பது, மாடு மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. இவ்வளவு மாட்டுக்குத் தரவையின் தென் மூலை போதும் என்பது அவளுடைய சிபாரிசு. யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று செயலாளர் கேட்டார். பட்டிக்காரர்கள் எல்லோரும் தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள். உசனார் மட்டும் கனகசூரியத்தாரைப் பார்த்தார்.

அவர் எழும்பினார். தரவையில் மாரிக்கு மாடு நிற்பது இதைப்போலப் பல மடங்கு என்றார்.

"ஐயா, முப்பத்தஞ்சு எண்டு நீங்கதானே சொன்ன?" என்றாள் அம்னா. கோபமில்லை, குழப்பம்தான். "இந்தா உங்கட கையெழுத்து."

"ஓம் மிஸ். நான் பொய்தான் சொன்னனான். மத்த ஆக்களையும் நான்தான் சொல்லச் சொன்னனான். அவங்களில பிழையில்ல. நீங்க எழுதினதிலயும் பிழையில்ல."

ஒரு தலைவன் ஊருக்கு முன்னால் தன்னைப் பொய்யன் என்று சொல்லிச் சபை கேட்டதில்லை. அவருக்குக் காது இரண்டும் எரிந்தது. ஆனாலும் சொல்லி முடித்தது ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் செயலாளர் பேசத் தொடங்கியதும் போயிற்று.

ஒரு வாய்ப்பேச்சை இன்னொரு வாய்ப்பேச்சால் மாற்ற முடியாது என்றார் அவர். மார்கழி முதல் சனிக்கிழமை மாடு முழுவதையும் தரவைக்குக் கொண்டு வந்து எண்ணிக்காட்ட வேண்டும். குறி வாரியாக எண்ண வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் உரியவர் நேரில் நின்று ஒப்பமிட வேண்டும். அம்னா பழைய குறிப் பதிவைப் புரட்டிப் பெயர்களை வாசித்தாள். கனகசூரியம் என்று வாசித்தாள். அடுத்த வரியில் நிறுத்தினாள்.

"சுபாகரன், உங்கட மகன் என்ன ஐயா? காலமானவர். அவர்ர வைஃப் வந்து ஒப்பமிட்டால் சரி."

திரும்பி வரும்போது உசனார் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார். ஒன்பது என்ற கதை அவருக்குத் தெரியும். தன் மாட்டைப் பார்க்க அவர் பட்டிக்கு வருகிறவர். மற்ற மாடும் கண்ணில் படத்தானே செய்யும். இவ்வளவு நாளும் வாய் திறக்காதவர் அன்று திறந்தார்.

"மகனுட மாட்டில ஒன்பத வெச்சிட்டு மிச்சத்தச் சனிக்கிழமைக்கு ஓடைக்கு அங்கால தள்ளி விடு. ஆயிரக்கணக்கில அது தெரியாது. மறுகா ஆறுதலா மருமகளிட்டச் சொல்லு. இல்லாட்டி இப்பவே போய்ச் சொல்லு. ரெண்டுல ஒண்டு செய். மூணாவது வழி கிடையாது கனகு."

கனகசூரியத்தார் இரண்டையும் செய்து பார்த்தார். முதலில் சொல்லப் போனார். உசாந்தி கூனிச் சம்பலும் சுடுசோறும் போட்டுக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் அவர் உண்மை சொன்னதைப் பற்றிக் கொட்டிலில் சனம் பேசிக்கொண்டதாகச் சொன்னாள். "ஆரும் இப்பிடி எழும்பிச் சொல்ல மாட்டாங்க மாமா" என்றாள். அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டிக்குப் போய் வளையக்குறி மாடுகளைப் பிரித்தார். கன்றுகளுக்கு அவர் குறி சுடாமலே விட்டிருந்தார். தன் குறியைச் சுட்டால் களவு, மகனின் குறியைச் சுட்டால் தொகை வெளிப்பட்டுவிடும். ஆனாலும் எது எந்தத் தாயின் கன்று என்று அவருக்குத் தெரியும். ஓடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். மழையில் ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஓட்டினால் நீந்திப் போகும், பெரிய மாடுகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. கரையில் நெருக்கியடித்து நின்ற அந்தக் கூட்டத்தை அவர் பார்த்தார். ஒன்பது ஒன்பது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது ஒன்பது மாதிரித்தான் ஆகிவிட்டிருந்தது. இவ்வளவு இருக்கும் என்று அவரே நினைத்திருக்கவில்லை. இவ்வளவையும் ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக வந்தது. மகன் உயிரோடு நின்றால் தன் முகத்தில் முழிக்க மாட்டான் என்று நினைத்தார். நனைந்துகொண்டே நின்றுவிட்டு, மாடுகளைப் பட்டிக்கே திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து உசாந்தியிடம், "விடிய நீயும் வா, ஒப்பமிடணுமாம்" என்று மட்டும் சொன்னார். இதற்கு மேல் அவருக்குத் துணிவு போதவில்லை. மிச்சத்தை எண்ணுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. பத்தொன்பது பட்டி மாடும் தரவைக்கு இறங்கியபோது ஊர்ச் சனமே திரண்டு வந்து பார்த்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவர்களும் பார்த்ததில்லை. அம்னா சேற்றுக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கம்பு நட்டு ஒரு கடவை வைத்தாள். மாடு ஒவ்வொன்றாகக் கடவையால் போக வேண்டும். போகிறதன் முதுகில் ஒருவன் சிவப்பு மை பூசுவான். அவள் தொகையைச் சத்தமாகக் கூப்பிட்டு எண்ணுவாள். முதல் பட்டிக்காரன் அவள் "ஒண்டு" என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொருவன் தன் மாட்டுக்கு முன்னால் கண்ணூறு படாமல் தேசிக்காய் வெட்டி எறிந்தான். பத்து மணிக்கெல்லாம் அந்த வெட்கம் விட்டுப்போய்விட்டது. மதியம் ஆயிரத்தைத் தாண்டியதும் இளந்தாரிகளும் கூடச் சேர்ந்து கூப்பிடத் தொடங்கினார்கள். கட்டார் போகவிருந்த ஒரு பொடியனுக்குத்தான் எல்லோரையும்விடச் சத்தம். கம்பனிக்காரர் இருவரும் பனிச்சை மரத்தடியில் நின்று தொலைபேசியில் யாருடனோ குனிந்து பேசினார்கள்.

தலைவருடைய பட்டி கடைசி. முதலில் உசனாரின் மாடு இருபத்தைந்து. பிறகு கனகசூரியத்தாரின் குறி, நூற்று ஆறு. பிறகு அவர் வளையக்குறி மாடுகளைக் கடவைக்கு விட்டார்.

உசாந்தி அம்னாவின் பக்கத்தில் நின்றாள். ஒன்பது வரை சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து என்றபோது அம்னா பிழையாக எண்ணிவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்; மாட்டின் தொடையைக் குனிந்து பார்த்தாள். பதினைந்து, பதினாறு. இருபது என்றபோது அவள் நிமிர்ந்தாள். பிறகு மாட்டைப் பார்க்கவில்லை. கனகசூரியத்தாரைப் பார்த்தாள். அவர் கடைசிக் கன்று வரைக்கும் விட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. நாற்பத்தொன்று என்று அம்னா கூப்பிட்டு நிறுத்தினாள்.

மொத்தத்தைக் கூட்டியபோது இரண்டாயிரத்து முந்நூற்றுக்கு மேல் வந்தது. இனித் தன் அறிக்கை மாறும், தரவையில் கை வைக்க எழுத மாட்டேன் என்று அம்னா சொன்னாள். சனம் கைதட்டியது. யாரோ கனகசூரியத்தாரின் தோளில் தட்டிவிட்டுப் போனான். உசாந்தி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா பாயில கிடக்கக்குள்ள எத்தின நிண்ட?"

அவர் பொய் சொல்லவில்லை. "முப்பத்தாறு."

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று அவர் நினைத்தார். அழுதிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அம்னா படிவத்தை நீட்டி, உரிமையாளர் பெயர் என்ன என்றாள். சுபாகரன் உசாந்தி என்று பதில் வந்தது. விலாசம் கேட்டாள். கரடியனாறு என்றாள் உசாந்தி, நாவலடிச்சேனை என்று அம்னா எழுதியிருந்ததை வெட்டச் சொன்னாள். அங்கே மேய்ச்சல் பார்க்கும்வரை மாடு இங்கேதான் நிற்கும் என்றாள். அப்படியென்றால் மேய்க்கிறவர் பெயர் வேண்டும் என்றாள் அம்னா.

அந்தப் பக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்வதில்லை. ஆஸ்பத்திரித் துண்டுக்குக்கூட உசாந்தி இதுவரை பிள்ளையைக் கொண்டுதான் சொல்வித்தாள். கனகசூரியத்தார் தானே சொல்ல வாயெடுத்தார்.

"கனகசூரியம்," என்றாள் உசாந்தி. "நாலுக்கு ஒரு கண்டு. வெளியாக்களுக்குக் குடுக்கிற மாதிரி எழுதுங்க மிஸ்."

அம்னா எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "சரியா ஐயா?"

"ஓம்" என்றார். பேனையை வாங்கி, மேய்க்கிறவர் என்று இருந்த இடத்தில் கையெழுத்து வைத்தார்.